ஊறட்டும் அண்ணனின் விரல்கள்

அந்தப் பேச்சு நடந்தது ஒரு புதன்கிழமை முற்பகலில், பட்டறையின் நான்கு தூண் லிஃப்டுக்கு அடியில். தலைக்கு மேலே, லிஃப்டின் பலகைகளில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. கீழே அவரும் அவளும். அவர் அவளுடைய அக்காவின் கணவர், அந்தப் பட்டறையின் மூத்த மெக்கானிக். அவள் முன்மேசையில் வேலை பார்ப்பவள். அவர் கையில் டார்க் ரெஞ்ச். அவள் கையில் வேலைத்தாளும் மஞ்சள் பெயிண்ட் பேனாவும்.

டார்க் ரெஞ்ச் என்பது நீண்ட பிடி வைத்த ஸ்பேனர். போல்ட் எவ்வளவு இறுக வேண்டுமோ அந்த எண்ணை அதில் வைத்துவிட்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் வரும். பிடியிலும் ஒரு சின்ன உதறல் வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

“இடது பக்கம், கீழ் ஆர்ம், பின் போல்ட். நூத்தி முப்பது” என்று படித்தாள்.

“நூத்தி முப்பது” என்று திருப்பிச் சொல்லிவிட்டு எண்ணை வைத்தார். இழுத்தார். டக். அவர் இன்னும் இழுத்தார்.

“சத்தம் வந்துடுச்சு அத்தான்.”

“எப்போ?”

“இப்பத்தான். அதுக்கப்புறமும் இழுத்தீங்க.”

“கம்ப்ரசர் ஓடுதுல்ல. காதுல விழல.”

“கையில தெரிஞ்சிருக்குமே.”

“தெரியும், தெரியும். அடுத்ததைப் படி.”

அடுத்ததைப் படித்தாள். வலது பக்கம், அதே போல்ட், அதே எண். டக். பிடி அதற்குமேலும் இரண்டு விரற்கடை நகர்ந்தது. அவர் நின்றது கூட அவள் முகத்தைப் பார்த்துத்தான்.

“இப்ப கம்ப்ரசர் ஓடல” என்றாள்.

அவர் ரெஞ்சைத் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத ரெஞ்ச்.

“கையுறையைக் கழட்டுங்க.”

“எதுக்கு, கைரேகை பாக்கப் போறியா? ஆயுசு எவ்வளவுன்னு மட்டும் சொல்லு. வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அதுக்கேத்த மாதிரி போட்டுக்கறேன்.”

“கழட்டுங்க அத்தான்.”

கழற்றினார். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை வெளுத்திருந்தன. வெயில் படாத வெளுப்பில்லை அது. மெழுகுவர்த்தி நிறம். இடது கையிலும் அதே கதைதான்.

“எத்தனை நாளா?”

“நாளா? ரெண்டு வருஷம் இருக்கும். காத்து கன்னைப் பிடிச்சுப் பிடிச்சு அந்த ஆட்டம் உள்ளயே தங்கிடுச்சு போல. காலையில மோசம். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் ரத்தம் வரும். ஆனா தொட்டா தெரியாது.”

“ஒண்ணுமே தெரியாதா?”

“ஊசியால குத்திப் பாத்தேன். ரத்தத்தைப் பாத்தப்புறம்தான் குத்தினது தெரிஞ்சுது.”

“அக்காவுக்குச் சொன்னீங்களா?”

“உங்க அக்காவுக்குச் சொன்னா தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி.”

“டாக்டர்கிட்ட?”

“ஊறட்டும்.”

“முதலாளிகிட்டயாவது—”

“சொன்னா என்ன ஆகும்? ரெஞ்சைப் பிடுங்கிட்டு நாற்காலியைக் கொடுப்பாரு. இருபத்திரண்டு வருஷமா வண்டிக்கு அடியில நிக்கிறேன். என்னை உக்கார வெச்சா நான் எதுக்கு உதவுவேன், சொல்லு. வாசல்ல கட்டின பொம்மை மாதிரி இருப்பேன்.”

அவள் வேலைத்தாளில் அந்த இரண்டு போல்டின் வரிகளைத் தேடிப் பார்த்தாள். பிறகு, “அப்ப சத்தம் வந்ததும் நான் தோளைத் தொடறேன்” என்றாள்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பெறுகிற வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. கொடுத்ததை மறுக்கிற வழக்கமும் இல்லை.

“அந்த ரெண்டு போல்டையும் மாத்திடறேன்” என்றார். “அளவுக்கு மேல இழுத்த போல்ட் நீண்டுடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா நீண்டது நீண்டதுதான், திரும்பிச் சுருங்காது. என்னிக்காவது ஒரு நாள் பட்டுன்னு போகும்.” புதிய போல்ட் இரண்டை எடுத்து வந்தார். “ம், படி.”

படித்தாள். டக். அவர் இடது தோளைத் தொட்டாள். அவர் நின்றார். அவள் நட்டின் மேலும் போல்டின் நுனி மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிட்டு, தாளில் டிக் போட்டாள்.

பட்டறையில் அவருக்கு ‘ஊறட்டும்’ என்று பெயர். இளையவர்கள் ‘ஊறட்டும் அண்ணன்’ என்பார்கள். முதலாளி, ‘எங்கப்பா அந்த ஊறட்டும்?’ என்பார். பெயர் வந்த காரணம் எளிது. வண்டியைத் தரையிலிருந்து உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்கள்தான் அந்தப் பட்டறைக்கு வருவார்கள். கல்லும் சேறுமான தடங்களில் அடிப்பகுதி இடிக்காமல் போவதற்காக, நீளமான ஸ்பிரிங்குகளும் ஷாக்குகளும் சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கிற புதிய ஆர்ம்களும் பெட்டி பெட்டியாக வரும். புதியதைப் பூட்டுவது அரை நாள் வேலை. பழையதைக் கழற்றுவதுதான் வேலை.

பத்து வருஷம் தண்ணீரிலும் உப்பிலும் ஓடிய வண்டியில் போல்டும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாயும் துருவேறி ஒரே உடம்பாகியிருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருகினால், குழாயைச் சுற்றியிருக்கிற ரப்பரோடு சேர்ந்து போல்டும் கொஞ்சம் திரும்பும். கழன்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கோபித்துக்கொண்டு கிளம்பி, தெருமுனை வரை போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிற மாப்பிள்ளை மாதிரி என்று அவர் சொல்வார். மற்ற மெக்கானிக்குகள் அந்த இடத்தில், காற்றழுத்தத்தில் அதிர்ந்து அதிர்ந்து திருகுகிற காற்று கன்னை வைத்து அடிப்பார்கள். போல்டின் தலை போகும். அல்லது சட்டத்துக்குள் பற்றவைத்திருக்கிற நட் பிய்த்துக்கொண்டு உள்ளேயே சுற்றும். அப்புறம் சட்டத்தை வெட்டித் திறக்க வேண்டியதுதான்.

மற்ற போல்டுகளுக்கெல்லாம் கன்னைப் பிடிக்கிற அவர், துருவேறியதை மட்டும் அடிக்க மாட்டார். வேலைக்கு மூன்று நாள் முன்பே வண்டியைக் கொண்டுவரச் சொல்வார். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, துரு எண்ணெய் அடித்து, “ஊறட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மறுநாளும் எண்ணெய். அதற்கு மறுநாளும். பிறகு, கழற்றுவதற்கு முன் போல்டைக் கால் மில்லிமீட்டர் இறுக்குவார். துருவின் பிடி முதலில் அந்தத் திசையில் விட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்கும் மசியாவிட்டால் நட்டை நெருப்பில் சிவக்கவைத்து, அதன் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தியைத் தொட்டு வைப்பார். மெழுகு உருகி மரைக்குள் ஓடும். அதற்கும் மசியாததை, இடைவெளியில் ரம்பம் விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிடுவார். அறுக்கும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. அறுக்க வேண்டிய இடம் எது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

வீட்டிலும் அதே சொல்தான். புது அடுப்பு வாங்கலாமா என்றால் ஊறட்டும். பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றால் ஊறட்டும். “என்னை வந்து பாத்துட்டுப் போயி பதினாலு மாசம் எண்ணெய் அடிச்சு வெச்சிருந்தாரு உங்க அத்தான்” என்று அக்கா சொல்வாள். “நானும் துருப்பிடிச்ச மாதிரி உக்காந்திருந்தேன். எங்கப்பா போயி, ‘தம்பி, ஊறினது போதும், கழட்டுறீங்களா இல்ல அறுத்துடலாமா’ன்னு கேட்டப்புறம்தான் கல்யாணம்.” இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், “உடையாம வந்தியா இல்லையா?” என்பார்.

படிப்பு முடிந்து தங்கையான அவள் அவர்கள் வீட்டு மாடியறைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பட்டறை வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஸ்பிரிங் பெட்டிகளோடு வருகிற குறிப்புப் புத்தகங்கள் வேறு மொழியில் இருக்கும். அவள் இரண்டு மொழியிலும் படித்தவள். எந்தப் போல்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும், எதை வண்டி தொங்கும்போது பூட்டக் கூடாது, எதைச் சக்கரத்தில் நிற்கும்போதுதான் பூட்ட வேண்டும் என்று வாசித்துச் சொல்வாள். அதனால் அவளுக்குப் ‘புத்தகம்’ என்று பெயர் வந்தது. அதிகம் பேசாததாலும் வந்திருக்கலாம். திறந்தால்தான் பேசும் என்று முதலாளி ஒரு முறை சொன்னார்.

வேலைத்தாளில் ஒவ்வொரு போல்டுக்கும் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் பூட்டியவர் டிக் போட வேண்டும். இரண்டாவதில் பக்கத்தில் நின்று பார்த்தவர் போட வேண்டும். முதலாளியின் சட்டம் அது. அவர் ஜோடிக்கு இரண்டாவது கட்டம் எப்போதும் அவளுடையது.

புதன்கிழமைப் பேச்சுக்குப் பிறகு மூன்று மாதம் அப்படியே போயிற்று. அவள் படிப்பாள், அவர் இழுப்பார், சத்தம் வரும், அவள் தொடுவாள். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் அக்கா ஒருத்திதான். அவளும் துணி துவைக்கும்போதுதான் கவனித்தாள்.

“எல்லாச் சட்டையிலயும் இடது தோள்ல மட்டும் மஞ்சப் பெயிண்ட். என்ன இது?”

“லிஃப்ட்ல இடிச்சுக்கறேன்” என்றார்.

“ஒரே இடத்துலயா?”

“என் உயரம் மாறவா போகுது?”

அக்கா சிரித்தாள். மாடிப்படியில் நின்றிருந்த அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பெயிண்ட் பேனா பிடிக்கிற விரல். நகத்தின் ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது.

அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. அவர் பொத்தான் வைத்த சட்டைகளை விட்டுவிட்டுத் தலைவழியே மாட்டுகிற சட்டைகளுக்கு மாறியிருந்தார். சாவியைப் பையிலிருந்து எடுக்காமல், பையைத் தலைகீழாகக் கவிழ்த்து எடுத்தார். தேநீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அதற்கும் முன்னால் ஒரு முறை, ஐந்து வயசுப் பாப்பாவைக் குளிப்பாட்ட அவர் கலந்த வெந்நீர் பாப்பாவின் முதுகைச் சிவக்க வைத்தது. “கவனம் எங்க போச்சு உங்களுக்கு? அதுதான் கைய விட்டுப் பாத்தீங்களே!” என்று அக்கா கத்தினாள். அவர் கையை விட்டுப் பார்த்தது உண்மைதான். அன்றிலிருந்து பாப்பாவை அக்காவே குளிப்பாட்டினாள். அப்போது தங்கையும் அதை மறதி என்றுதான் நினைத்திருந்தாள்.

நான்காம் மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. இரண்டு நாள் விடுப்பு. பல் மருத்துவர் ஊசி போட்டதும் கீழுதட்டின் பாதி மரத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபோது அது மோவாய் வழியே சட்டையில் வழிந்தது. பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தபோது அதன் விளிம்பில் ரத்தம் இருந்தது. கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். உதட்டைக் கடித்து வைத்திருந்தாள், ஆழமாக. எப்போது கடித்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த உதட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் கால்நடை டாக்டரம்மாவின் வண்டி முடிந்தது. மூன்று நாள் ஊறிய வண்டி. பதினாறு போல்டில் பதினைந்தை அவர் உடையாமல் எடுத்திருந்தார். ஒன்றை மட்டும் அறுத்தார். புதியதைப் பூட்ட அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மாவுக்கு மலைப்பக்கம் போக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை வண்டி தயார் என்று முதலாளி சொல்லியிருந்தார். கழற்றுவதற்கு அவகாசம் கேட்டால் கொடுப்பார்கள். பூட்டுவதற்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வியாழன் காலை அவள் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது வேலைத்தாள் அவள் மேசைமேல் இருந்தது. முதல் கட்டத்தில் பதினாறு டிக். இரண்டாவது வரிசை வெறுமை. டாக்டரம்மா எதிர் நாற்காலியில் சாவிக்காகக் காத்திருந்தார். அத்தான் கதவோரம் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அவரிடம் போனாள்.

“எல்லாம் சரியா வந்துதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வந்துது.”

“சத்தம்?”

“எல்லாரும் சாப்பிடப் போனப்போ பண்ணினேன். பட்டறை அமைதியா இருந்துது. கேட்டுது.”

அவள் மேசைக்குத் திரும்பி, பதினாறு டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி திரும்பி வந்தது.

“இறக்கத்துல ணங்குன்னு ஒரு சத்தம்” என்றார் டாக்டரம்மா. “பின்னால ஒரு கன்னுக்குட்டி இருந்துது. அதுதான் உதைக்குதுன்னு நெனச்சேன். கன்னுக்குட்டிய இறக்கி விட்டாச்சு. அப்புறமும் உதைக்குது.”

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்கள். இடது கீழ் ஆர்மின் பின் போல்ட் கழுத்தோடு முறிந்திருந்தது. தலை எங்கோ வழியில் விழுந்துவிட்டது. மிச்சம் பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தால் ஆர்ம் கழன்று, சக்கரம் பின்னால் மடங்கியிருக்கும். டாக்டரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுலயா நான் மலையிறங்கி வந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

முதலாளி போல்டின் மிச்சத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். நட் இன்னும் அதில் இருந்தது. நட்டின் மேலும் போல்டின் நுனி மேலும், அவள் இல்லாதபோது அவரே இழுத்த மஞ்சள் கோடு நேராக ஓடியது, உடையாமல்.

“கோடு அசையவே இல்ல பாரு. நம்ம ஆளு பூட்டினது பூட்டினபடியே இருக்கு” என்றார். “அப்ப போல்ட்தான் மட்டம். பெட்டியில வந்த சரக்கு. அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு கடிதம் எழுதும்மா, புத்தகம். அவன் மொழியிலயே எழுது. நூத்தி முப்பதுலதான் பூட்டினோம், நீ பக்கத்துல நின்னு பாத்தன்னு எழுதி உன் கையெழுத்தையும் போடு. தாளோட நகல் வெச்சு அனுப்பு.”

கோடு அசையவில்லை என்றால் நட் தளரவில்லை. நட் தளராமல் போல்ட் கழுத்தில் முறிந்தால் அது அளவுக்கு மேல் இழுபட்ட போல்ட். இதை அவளுக்குச் சொன்னவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். போல்டை அவர் கேட்கவில்லை. முதலாளி நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். முதல் முறை பிடிபடவில்லை. இரண்டாவது முறை எடுத்தார்.

அவள் மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். வேறு மொழியில் அது தடையில்லாமல் வந்தது. குறிப்பிட்ட அளவில் பூட்டப்பட்டது, பூட்டும்போது கீழே கையெழுத்திட்டவர் உடனிருந்து பார்த்தார். நல்ல வாக்கியம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பள்ளியில் அந்த மொழியில் அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆள் இல்லாத வாக்கியங்களாக. அந்த வாக்கியத்தை அவள் இரண்டு முறை படித்தாள். எங்கேயும் உறுத்தவில்லை. ஊசி போட்ட உதடு மாதிரி இருந்தது அது. பிறகு அதையே வீட்டு மொழியில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ‘நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.’ அதற்குமேல் பேனா ஓடவில்லை. கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா தையல் ஆலைக்கு ஷிப்ட் போயிருந்தாள். அவர் சமையலறையில் பாப்பாவின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

“நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லப் போறேன் அத்தான்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“டிக் போட்டது நான். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.”

“ஊறட்டும்” என்றார், திரும்பாமல்.

“ரெண்டு வருஷம் ஊறியாச்சு.”

அவர் குழாயை மூடினார். தட்டைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பாப்பாவின் தம்ளரையும் கழுவினார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு அவளைத் தாண்டி உள்ளே போனார். அவள் இருட்டில் தடவித் தடவி மாடிப்படி ஏறினாள். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், அழுகையாவது வரும் என்று. எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் சொன்னாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நான்கு நிமிஷம் ஆயிற்று. முதலாளி குறுக்கே பேசவில்லை. அத்தானைக் கூப்பிட்டனுப்பினார்.

“கையைக் காட்டுப்பா.”

அவர் காட்டினார். காலை நேரம், நன்றாகவே வெளுத்திருந்தது. முதலாளி தன் மேசையிலிருந்த பேனா மூடியால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். “தெரியுதா? இது? இது?” மூன்று முறையும் அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?” முதலாளிக்கு அவர் தம்பி வயசு. “இருபத்திரண்டு வருஷத்துல நான் உன்னை ஒரு தடவையாவது கடிஞ்சு பேசியிருக்கேனா?”

“அதுக்கில்ல அண்ணே.”

“அப்ப எதுக்கு?”

அவர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். முதலாளி அவளைப் பார்த்தார். “நீயும்தான். தோளைத் தொட்டியாம், தோளை” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து, கடந்த இரண்டு வருஷத்தில் அவர் பூட்டிய வண்டிகளின் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். ஒன்பது வண்டிகள் திரும்பி வந்தன. எல்லாப் போல்டையும் மாற்றினார்கள். கழற்றிய போல்டுகளைப் புதியதோடு சேர்த்து வைத்து அளந்தபோது, இன்னும் இரண்டு வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட் நீண்டிருந்தது. அவள் தோளைத் தொடத் தொடங்குவதற்கு முன் பூட்டியவை அவை.

அவரை உதிரிபாகக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அவர் சொன்னபடியேதான், ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வாஷர்களை விரலால் பொறுக்க வராது என்பதால், பெட்டியைத் தட்டில் கவிழ்த்து, கண்ணால் பிரித்து, ஒரு காந்தத்தால் எடுத்தார். மருத்துவர், இனிக் கன்னைத் தொடக் கூடாது என்றார். கையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார். போன உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார். ஊறட்டும் அண்ணன் என்று கூப்பிட இளையவர்கள் தயங்கினார்கள். லிஃப்டுக்கு அடியில் யாராவது கன்னை வைத்து அடிக்கிற சத்தம் கேட்டால் அவர் தலை நிமிரும். பிறகு குனிந்துவிடும்.

அக்கா இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தாள். “அவர் மறைச்சது ஒரு பக்கம். நீ என் வீட்டுல சாப்பிட்டுட்டு, என் புருஷன் கை செத்துப்போனதை என்கிட்ட சொல்லாம முதலாளிகிட்ட போய்ச் சொல்லியிருக்க. மொதல்ல யார்கிட்டடி சொல்லியிருக்கணும்?” சட்டைகளின் தோளில் இருந்த மஞ்சள் கறையை அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். முழுதாகப் போகவில்லை.

அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போனார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தால் அவர் நகர்ந்து வழிவிடுவார். கவுண்டரில் ஏதாவது பொருள் வேண்டும் என்று அவள் சீட்டு நீட்டினால், சீட்டைப் படித்துப் பொருளை எடுத்து வைப்பார். பேச்சு மட்டும் இல்லை. நாட்களை எண்ணக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனாலும் எண்ணினாள். இருபத்தாறு.

இருபத்தேழாம் நாள் அக்காவுக்கு மாலை ஷிப்ட். பாப்பா பள்ளியிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்திருந்தாள். அவள் மாடிப்படியில் இறங்கி வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. பாப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். “அம்மா வரட்டும், நீங்க ஊத்தினா சுடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் கெட்டிலில் வெந்நீர், குழாயில் பச்சைத் தண்ணீர். வாளியில் விரல்களை விட்டிருந்தார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். வாளியிலிருந்து ஆவி மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வாளியைத் தரையோடு இழுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“புத்தகம்” என்றார். “இதுல விரலை வெச்சுப் பாரு. பாப்பாவுக்குச் சுடுமான்னு சொல்லு.”